சிமெண்டு ஒட்டிய சங்கு

எனக்குச் சொந்தமாக ஒரு சங்கு உண்டு. ஒரு கையில் அடங்காது. சங்கு என்றால் எல்லோருக்கும் வெள்ளைதான் நினைவுக்கு வரும். இது கருப்பு. ஒரு பக்கத்தில் சிமெண்டு ஒட்டியிருக்கிறது. தட்டி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை, விட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள் பெயிண்டா என்று கேட்பார்கள். பெயிண்டு இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. கொஞ்சம் ஆசிட்டில் முக்கி எடுத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். அதை வெளுக்க வைக்கக் கூடாது என்பது என் தங்கச்சி சொன்ன சொல். அவள் போய் மூன்று வருசம் ஆகிறது.

நான் முதலில் சங்கு குளித்தவன், கடலடிக்கு முங்கிச் சங்கு எடுக்கிற வேலை. தூத்துக்குடிக் கரையில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் அதுதான். இருபத்தெட்டு வயதில் தண்ணீருக்கு அடியில் எனக்கு இடது காது வெடித்தது. ரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இனி முங்கினால் மற்றதும் போகும் என்று டாக்டர் சொன்னார். கரையில் நின்றேன். பழைய துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த அண்ணாச்சி ஒருவர் நடத்தினார். இருட்டறைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். இருட்டில் நிற்க முடியாமல் இரண்டு பேர் ஓடியிருந்தார்கள். எனக்கு இருட்டு புதிது இல்லை. கடியாரமும் வேண்டியதில்லை. தண்ணீருக்குள் மூச்சை எப்படி எண்ணினேனோ அப்படியே டெவலப்பரில் பிலிம் கிடக்கும் நேரத்தை எண்ணினேன். ஒரு தடவையும் தப்பியது இல்லை. அண்ணாச்சிக்கு அதில் ரொம்பப் பெருமை. வருகிறவர்களிடம், "நம்ம ஆளு முங்கி எந்திரிச்சா போட்டோ ரெடி" என்பார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே போக ஒவ்வொரு ஆளுக்கும் பாஸ் வேண்டும், பாசுக்குப் போட்டோ வேண்டும். விடிந்தால் வாசலில் வரிசை நிற்கும். போட்டோவைக் கழுவுவது மூன்று தட்டு வேலை. டெவலப்பரில் படம் தெரியும். அடுத்த தட்டில் இருக்கிற புளித்த தண்ணீர் அதை நிறுத்தும். ஹைப்போ என்கிற மருந்துத் தண்ணீர் படத்தை நிலைக்க வைக்கும். படம் அழியாமல் நிற்பதற்காக, பிலிமிலும் தாளிலும் பூசியிருக்கிற வெள்ளியில் மிஞ்சியதை எல்லாம் ஹைப்போ கரைத்து வாங்கிக்கொள்ளும். அதனால் பழைய ஹைப்போவில் வெள்ளி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்கு அதுவும் தெரியாது. கருத்துப்போன டெவலப்பரையும் வேலை முடிந்த ஹைப்போவையும் வாளியில் ஊற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோவேன். சுவரின் அடியில் ஒரு ஓட்டை. அதில் கொட்டுவேன். ஒரு நாளைக்கு நாலு வாளி, ஐந்து வாளி. ஓட்டைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சங்குக் கிட்டங்கி, சங்கைச் சேர்த்து வைக்கிற கிடங்கு. அங்கே தரையில் வரிசையாகக் குழி வெட்டியிருப்பார்கள். பிடித்து வந்த சங்கைக் குழியில் போட்டுக் கடல் தண்ணீர் விட்டு மூடி வைப்பார்கள். உள்ளே சதை அழுகி, தானாகக் கழன்று வரும். பிறகு கழுவினால் வெள்ளைச் சங்கு. வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும். இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொட்டினேன். மணல் குடித்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. நினைக்கவே இல்லை.

தங்கச்சி உப்பளத்தில் வேலை பார்த்தாள். விடியும் முன்னே போய் உச்சிக்குத் திரும்புவாள். உப்புத் தண்ணீரிலேயே நின்று அவள் கால் விரல் இடுக்கும் கை விரல் நுனியும் வெடித்திருக்கும். அவள் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். என் காது போன பிறகு வள்ளத்தில் என் இடத்துக்குப் போனவர் அவர்தான். அதிகம் பேச மாட்டார். கரையில் அவருக்குப் பெரிய பெயர். யாரும் எட்டாத ஆழத்துக்குப் போய் உயிர்ச் சங்காக மட்டும் எடுத்து வருவார். ஒவ்வொரு வள்ளத்துச் சங்குக்கும் தனித்தனிக் குழி. அவர்கள் வள்ளத்துக் குழி கிட்டங்கியின் கடைசி மூலையில், எங்கள் ஸ்டுடியோச் சுவரை ஒட்டி இருந்தது.

ஒரு நாள் அந்தக் குழியைத் திறந்தார்கள். சங்கு எல்லாம் கருப்பாக இருந்தது. கழுவினார்கள், தேய்த்தார்கள், போகவில்லை. கிட்டங்கி மேஸ்திரி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். கடலடிச் சேற்றில் செத்துக் கிடக்கிற சங்கைப் பொறுக்கிக் கூடையின் அடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், வாங்கும்போது மேலாகத்தான் பார்த்தோம் என்றார். வள்ளத்தில் மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஆள் கையை விரித்தார்கள். அதிகம் எடுத்தவன் யார்? தங்கச்சி வீட்டுக்காரர். பழி அவர்மேல் விழுந்தது. எங்கள் ஆட்களிடம் திருடன் என்று சொன்னால்கூடச் சண்டை போட்டு முடித்துக்கொள்வார்கள். செத்த சங்கு பொறுக்கினான் என்றால் அவனுக்கு முங்கத் தெரியாது என்று அர்த்தம். வள்ளத்தில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வரும்போது எவனோ ஒருவன், "ஏலே, செத்த சங்கு போவுது, வழி விடுங்கல" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பாயைப் போட்டுப் படுத்தார். அடுத்த வாரம் பூசைக்கே போகவில்லை.

தங்கச்சி அழுகிற ஆள் இல்லை. திங்கட்கிழமை உப்பளத்திலிருந்து நேரே ஸ்டுடியோவுக்கு வந்தாள். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. தலையில் இருந்த பேசினை இறக்கி அதிலிருந்து ஒரு கருப்புச் சங்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, நீயும் முங்குனவன்தான. இது சேத்துக் கருப்பா? சொல்லு."

எடுத்துப் பார்த்தேன். சேற்றுக் கருப்பு இல்லை. சேற்றில் கிடந்தது தேய்த்தால் பழுப்பாகும், பூச்சி அரித்த துளை இருக்கும். இதில் துளையே இல்லை. நல்ல உயிர்ச் சங்கு. அந்தக் கருப்பை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்பதும் அந்த நிமிசமே தெரிந்துவிட்டது. பின்கட்டு ஓட்டையின் விளிம்பில் அந்தக் கருப்பு அடை அடையாக இருந்தது. மீன் கழுவின தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ஹைப்போவோடு சேர்கிற இடத்தில் அப்படித்தான் கருக்கும். தெரிந்தும் நான், "தெரியலளா" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். காது போனவனுக்கு அடுத்த வேலை யார் தருவார்கள்? அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் கையில் வைத்திருந்த வாளியைப் பார்த்தாள்.

"இது எங்க போவுது?"

"எது?"

"கையில இருக்கே, அது. எங்க ஊத்துத?"

நான் வாளியைக் கீழே வைத்தேன். அவளே பின்கட்டுக்குப் போனாள். ஓட்டை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சங்கை விளிம்பில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே கருப்பு. எழுந்து வந்து என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நாளைக்குக் காலைல மேஸ்திரிட்ட வந்து சொல்லு. நீ வரலன்னா நான் சொல்லுவேன். நீயா வந்து சொன்னா நல்லாருக்கும்" என்றாள். பேசினை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சங்கு மேசைமேலேயே கிடந்தது.

போனேன். மேஸ்திரி நம்பவில்லை. "மச்சினனக் காப்பாத்த வந்திருக்க. போட்டோத் தண்ணி எங்கயாவது சங்கக் கருக்குமாவே?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கச்சி முன்னே வந்தாள். அன்றைக்கு வேறு வள்ளத்தில் வந்த சங்கில் நாலை மேஸ்திரியே பொறுக்கித் தரட்டும் என்றாள். இரண்டு பானை, இரண்டிலும் கடல் தண்ணீர், பானைக்கு இரண்டு சங்கு. ஒன்றில் மட்டும் என் ஹைப்போ. பானையை மூடி மேஸ்திரி தன் அறையில் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொள்ளட்டும். சதை அழுகட்டும். பிறகு பார்ப்போம். மேஸ்திரிக்கு மறுக்க வழியில்லை. ஊரில் அதுதான் பேச்சாக இருந்தது. "போட்டோக்காரன் சங்கப் போட்டோ பிடிக்கான்லே. கழுவ ஒரு வாரம் ஆவுமாம்" என்று தெருவில் கத்துவார்கள். அந்த ஒரு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கருத்தால் என் குற்றம். கருக்காவிட்டால் மாப்பிள்ளையின் குற்றம். என்ன ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் தெரிந்தது. கருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஏழாம் நாள் பானையைத் திறந்தார்கள். நாற்றம் சொல்லி முடியாது. ஒரு பானையில் சங்கு வெள்ளை. மற்றதில் கருப்பு. மேஸ்திரி கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். வேட்டியில் துடைத்துப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவனும் சிரிக்கவில்லை. "நாளைக்கு அவன வள்ளத்துக்கு வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கரையில் அதற்கு வழக்கமும் இல்லை. மறுநாள் மாப்பிள்ளை வள்ளத்தில் ஏறினார். கோயில் வாசலில் கத்தினவன்தான் அவருக்குக் கை கொடுத்து ஏற்றினான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். தங்கச்சி நினைக்கவில்லை. பானை திறந்த அன்றே ஸ்டுடியோவுக்கு வந்து அண்ணாச்சி முன்னால் நின்றாள். அண்ணாச்சி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "இனி இந்தத் தண்ணி எங்க போவும் அண்ணாச்சி?" என்றாள்.

"ஏளா, ஊரு பூரா ஸ்டுடியோக்காரன் இப்படித்தான் ஊத்துதான்."

"ஊரு பூரா ஊத்துனா சரியாயிருமா?"

"அப்ப கடல்ல கொண்டு ஊத்தச் சொல்லுதேன். கடல் பெருசு."

"கடலுக்குள்ளதான் எம் வீட்டுக்காரரு நாளு பூரா கெடக்காரு."

"கடலும் வேண்டாம், தரையும் வேண்டாம். பெறகு என் தலையிலயா ஊத்த?"

"உங்க பின்கட்டுக் கெணறு ஓட்டைலருந்து எத்தன அடி? அந்தத் தண்ணிலதான காப்பி போட்டிருக்கிய?"

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். மீதிக் காப்பியைக் குடிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இவ ஒன் தங்கச்சியாலே, இல்ல கலெக்டரா?" என்றார். ஆனால் அன்றைக்கே ஓட்டையை அடைக்கச் சொன்னார். வேலையை விட்டு என்னை நிறுத்தவும் இல்லை. கொத்தனார் வந்து சிமெண்டு குழைத்தபோது தங்கச்சி அந்தக் கருப்புச் சங்கை எடுத்து ஓட்டையில் திணித்தாள். சங்கின் முதுகு எங்கள் பக்கம் தெரிகிற மாதிரி வைத்துப் பூசச் சொன்னாள். "வெள்ள அடிக்கும்போது இதுக்கும் சேத்து அடிச்சிராத. வெளுக்க வச்சிராத. வாளிய எடுத்துட்டு வாரப்பல்லாம் பாரு" என்றாள்.

ஓட்டையை அடைத்தாயிற்று. வாளி தினமும் நிறைகிறது. என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒருவர் பாஸ் போட்டோவுக்கு வந்தார். அவர் வேலையும் இதே மருந்துதான். அவரிடம் கேட்டேன். பழைய ஹைப்போவில் இரும்பைப் போட்டு வை, வெள்ளி இரும்பைப் பிடித்துச் சேறாகப் படியும் என்றார். லேத்துப் பட்டறையில் இரும்புச் சீவல் வாங்கிவந்து மண் தொட்டியில் போட்டு ஹைப்போவை ஊற்றி வைத்தேன். நாலைந்து நாளில் அடியில் கருஞ்சேறு படிந்தது. அதை வாங்கிப் போக மதுரையிலிருந்து ஓர் ஆள் வருவார். வெள்ளி போன பிறகும் தண்ணீர் இருக்கிறது. டெவலப்பர் தனியாக இருக்கிறது. அவை எங்கே போகும்? எக்ஸ்ரேக்காரருக்கும் தெரியவில்லை. தங்கச்சிதான் சொன்னாள். "கீழ போவக்கூடாதுன்னா மேலதான் போவணும். வெயிலுக்குக் குடு. நாங்க கடலையே காய வைக்கோம். ஒன் நாலு வாளி என்ன?"

ஸ்டுடியோ மொட்டை மாடியில் உப்பளப் பாத்தி மாதிரி இரண்டு தொட்டி கட்டினோம். சுற்றி ஒரு சாண் உயரக் கரை, உள்ளே கசியாமல் இரண்டு தடவை சிமெண்டுப் பூச்சு. எத்தனை விரல்கடைத் தண்ணீர் விட்டால் எத்தனை நாளில் காயும் என்பது அவளுக்குப் பார்த்தாலே தெரியும். முதல் தடவை நான் ஒரு தப்பு செய்தேன். புளித்த தண்ணீரையும் ஹைப்போவையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டேன். கந்தகம் மாதிரி புகை நெடி எழும்பிக் கண்ணைக் கரித்தது. கீழே முகத்துக்குப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்த கல்யாண மாப்பிள்ளை இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். அதிலிருந்து ஹைப்போவுக்குத் தனித் தொட்டி. புளித்த தண்ணீரை டெவலப்பரோடு சேர்த்தால் ஒன்றை ஒன்று அடக்கிக்கொள்ளும். அது மற்றத் தொட்டி. காய்ந்த பிறகு அடியில் பொருக்குத் தட்டும். அதைச் சுரண்ட உப்பு வாருகிற பலகையைப் பாதியாக அறுத்துச் சின்னக் கம்பு போட்டுக் கொடுத்தாள். பொருக்கை டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, பின்கட்டில் சிமெண்டு பூசின குழியில் அடுக்கினோம். அது முழுக்கச் சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவு.

ஒரு புரட்டாசி மாதம் திடீரென்று மேகம் கூடியது. நான் இருட்டறைக்குள் இருந்தேன். டெவலப்பரில் பிலிம் கிடந்தது. கதவைத் திறந்தால் அத்தனை பேர் பாசும் போச்சு. வெளியே தங்கச்சி குரல். உப்பளத்திலிருந்து திரும்புகிற வழியில் மேகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். "அண்ணே, மழ வருது. தொட்டி நெறஞ்சு கெடக்கு" என்றாள்.

"கதவத் தொறக்க முடியாதுளா."

"தொறக்காண்டாம். நீ எண்ணிக்கிட்டு இரி."

எண்ணினேன். மேலே அவள் நடப்பதும் தகர டப்பா தொட்டியில் உரசுவதும் ஒரு காதில் கேட்டது. எண்ணி முடித்து, பிலிமை ஹைப்போவில் போட்டு, அதற்கும் எண்ணிவிட்டுக் கதவைத் திறந்து மேலே ஓடினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தொட்டியும் காலி. தண்ணீரை எல்லாம் ஜாடிகளில் மொண்டு ஊற்றி, ஓலைப்பாயால் மூடி, மேலே கல் வைத்திருந்தாள். அவள் நனைந்துகொண்டு கையை மழையில் நீட்டிப் பிடித்திருந்தாள். உப்பில் வெடித்த விரலுக்குள் மருந்துத் தண்ணீர் இறங்கி எரிந்திருக்கும். "ஒரு சொட்டு வழியல" என்றாள். அடுத்த மாதத்திலிருந்து மழைக்காலம் முடியும்வரை தொட்டிக்கு மேலே தகரம் போட்டோம். அவள் விரல் நகம் இரண்டு ரொம்ப நாள் கருப்பாக இருந்தது. கேட்டால், "போட்டோ பிடிச்சிருக்கு" என்பாள்.

நான் அந்த ஸ்டுடியோவில் இருந்த வரைக்கும் ஒரு வாளி தரையில் கொட்டவில்லை. அதற்கு முன்னால் நான் கொட்டினது கிணற்றை என்ன செய்ததோ, தெரியாது. கிட்டங்கிக் குழியில் பிறகு வந்த சங்கு எல்லாம் வெள்ளையாக வந்தது. அது தெரியும்.

அண்ணாச்சி காலத்துக்குப் பிறகு கட்டடம் கைமாறியது. போன வருசம் இடித்தார்கள். டின் நினைவு வந்து ஓடினேன். மண் அள்ளுகிற இயந்திரத்துக்கு முன்னால் நின்று அரை நாள் வேலையை நிறுத்தி வைத்தேன். ரசாயனக் கழிவு எடுக்கிற வண்டியை வரவழைத்து, டின்களை எண்ணி ஏற்றிவிட்டுத்தான் நகர்ந்தேன். சுவர் விழுந்த குவியலில் சங்கு கிடந்தது. சிமெண்டோடு எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் தெரு முனையில் ஒருவன் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். பழைய பேட்டரியைக் கவிழ்த்து ஆசிட்டை வாய்க்காலில் விடுகிறான். போன வாரம் போய், "இது எங்க போவுது?" என்று கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் ஊத்துதாங்க பெரியவரே" என்றான். மறுநாள் சங்கை எடுத்துக்கொண்டு போனேன். அவன் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அதற்கடுத்த நாளும் போனேன். அன்றைக்கு, "என்ன பெரியவரே இது, பெயிண்டா?" என்றான். சொன்னேன். நான் பேசிப் பழகாதவன். ரொம்ப நேரம் ஆனது. அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, "சரி, ஊத்தல. எங்கதான் கொண்டு போட?" என்றான். எனக்கும் தெரியாது, நாளைக்கு ரெண்டு பேரும் விசாரிப்போம் என்றேன்.

சங்கை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வழி தெரிந்த பிறகு எடுத்துக்கொள்வேன். ஆசிட் பக்கத்தில் வைக்காதே, வெளுத்துவிடும் என்று மட்டும் சொன்னேன்.